இரண்டு நடைக்கு நடுவில் இருக்கும் இருபது நிமிடம்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் அடுத்த ஆண்டிலிருந்து பேருந்து ஏற்பாட்டை மாற்றப்போகிறார்கள். வீட்டு வாசலில் ஏற்றுவதை நிறுத்திவிட்டுப் பொது நிறுத்தங்கள் வைப்பார்களாம். சின்ன வகுப்புகளுக்கு ஒரு நேரம், பெரிய வகுப்புகளுக்கு ஒரு நேரம் என்று பள்ளி தொடங்குவதையும் பிரிப்பார்களாம். அப்படிச் செய்தால் பத்து வண்டி பார்க்கிற வேலையை ஆறு வண்டி பார்க்கும் என்கிறார்கள். பெற்றோர் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள், கூட்டம் வரப்போகிறது, இதை ஆதரிப்பதா எதிர்ப்பதா என்பது உங்கள் கேள்வி.

பள்ளிகளுக்கு ரூட் போட்டுக்கொடுக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். நான் பார்த்தவரை, பொது நிறுத்தத்தைப் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளலாம். நேரத்தைப் பிரிப்பதில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் கட்டி "சம்மதமா, இல்லையா" என்று கை தூக்கச் சொன்னால், முதலில் அந்தக் கட்டைப் பிரிக்கச் சொல்லுங்கள். இரண்டும் வேறு வேறு சங்கதி. லாபமும் வேறு, அடிபடுகிறவர்களும் வேறு.

நிறுத்தத்திலிருந்து தொடங்குகிறேன். ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே ஒரு வண்டியில் முழு ரூட்டும் போனேன். ஒரு வாசலில் வண்டி வேகம் குறைய ஆரம்பித்ததிலிருந்து மறுபடி வேகம் பிடிக்கும்வரை எவ்வளவு நேரம் என்று எழுதிக்கொண்டே வந்தேன். ஒரு வீட்டில் பையன் தயாராக நின்றான், முப்பத்தைந்து விநாடி. அடுத்த வீட்டில் கதவு பாதி திறந்திருந்தது. ஒரு கை மட்டும் வெளியே வந்து "ஒரு நிமிஷம்" என்று காட்டிவிட்டு உள்ளே போனது. அப்புறம் ஒற்றைச் செருப்போடு ஒரு பெண் குழந்தை, பின்னாலேயே இன்னொரு செருப்போடு அவள் அப்பா. அது மட்டும் இரண்டு நிமிடம் பத்து விநாடி. கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒரு நிறுத்தத்துக்கு ஒரு நிமிடம் ஆகிறது. 24 வாசல் என்றால் 24 நிமிடம், வண்டி ஓடாமலே போய்விடுகிறது. அதை 13 நிறுத்தமாக்கினால் 11 நிமிடம் மிச்சம். அந்த 11 நிமிடமும் முழுதாகப் போய்ச் சேருவது ரூட்டின் கோடியில் இருக்கிற, இருட்டோடு எழுந்து முதலில் ஏறுகிற குழந்தைக்கு. வாசலில் வண்டி நிற்பது பள்ளிக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சௌகரியம்தான். அதற்கான விலையைக் கொடுப்பது தூரத்துக் குழந்தையின் தூக்கம். கூட்டத்தில் இதைப் பெரும்பாலும் யாரும் பேச மாட்டார்கள், ஏனென்றால் தூரத்து வீட்டுக்காரர்கள்தான் கூட்டத்துக்குக் குறைவாக வருவார்கள்.

ஆனால் பொது நிறுத்தம் எங்கே என்பதில் சமரசம் வேண்டாம். பள்ளிப் பேருந்து, சாலையில் ஓடும் வாகனங்களிலேயே மிகப் பாதுகாப்பானவற்றில் ஒன்று. ஆபத்து வண்டிக்கு வெளியே இருக்கிறது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது இதுதான்: வண்டிக்குள் இருக்கும்போது இறக்கும் பிள்ளைகளைவிட, ஏறும்போதும் இறங்கும்போதும் அடிபட்டு இறக்கும் பிள்ளைகள் அதிகம். அவர்களில் கணிசமானவர்களை இடிப்பது வேறு வாகனம் அல்ல, அவர்கள் இறங்கிய அதே பேருந்து. வண்டியைச் சுற்றிப் பத்தடி தூரத்தை அபாய வட்டம் என்று அங்கே ஓட்டுநர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். முன் பம்பருக்குக் கீழே விழுந்த பென்சிலை எடுக்கக் குனியும் குழந்தை ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாது.

அதனால் வரைபடத்தில் நிறுத்தப் புள்ளிகளைக் காட்டும்போது, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இங்கே ஏறுகிற எந்தக் குழந்தையாவது சாலையைக் குறுக்கே கடக்க வேண்டுமா? கடக்க வேண்டும் என்றால், வண்டி எதிர்த்திசையில் திரும்பி வரும்போது அந்தக் குழந்தையை ஏற்ற முடியுமா என்று பார்க்கச் சொல்லுங்கள். பாதி இடங்களில் முடியும். நடை தூரத்தைப் பற்றி எல்லோரும் சண்டை போடுவார்கள். ஐந்து நிமிடம் கூடுதலாக நடப்பதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடாது. வேகமாக வாகனங்கள் போகும் சாலையை ஒருமுறை கடப்பது வேறு விஷயம். நெருக்கமாக வீடுகள் இருக்கும் இடத்தில் இரண்டு பெரியவர்கள் முறை வைத்துக்கொண்டு பத்துப் பிள்ளைகளை வரிசையாக நடத்திக் கூட்டிவரலாம். 'நடக்கும் பள்ளிப் பேருந்து' என்ற பெயரில் ஆஸ்திரேலியாவின் டேவிட் எங்விக்ட் 1990களின் தொடக்கத்தில் பரப்பிய யோசனை இது. பல நாடுகளில் நடக்கிறது. வண்டியே இல்லாத பேருந்து என்பதால் பஞ்சர் ஆகாது.

கணினி போட்ட ரூட் என்றதும் சிலர் மிரள்கிறார்கள், சிலர் அதற்குமேல் பேச ஒன்றுமில்லை என்று வாயை மூடிக்கொள்கிறார்கள். இரண்டும் வேண்டாம். பத்து நிறுத்தங்களை எந்த வரிசையில் போவது என்பதற்கு 36,28,800 வழிகள் உண்டு. அதைப் பன்னிரண்டாக்கினால் 47,90,01,600. எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க மனிதனால் முடியாது, கணினிக்கும் நிறுத்தங்கள் கூடக்கூடத் திணறும். அதனால் குறுக்குவழிகளைக் கையாள்வார்கள். 1964இல் கிளார்க், ரைட் என்ற இருவர் சொன்ன முறை இன்றும் பல மென்பொருள்களுக்கு அடிப்படை. முதலில் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் தனி வண்டி என்று வைத்துக்கொள். எந்த இரண்டைச் சேர்த்தால் அதிகத் தூரம் மிச்சமாகுமோ அவற்றை முதலில் சேர். வண்டி நிறையும்வரை சேர்த்துக்கொண்டே போ. அவ்வளவுதான். பலசரக்குக் கணக்கு போடத் தெரிந்த யாருக்கும் புரியும். இதில் மாயம் எதுவும் கிடையாது. கொடுத்த எண்களுக்கு ஏற்ற பதில் வரும். நிறுத்தத்துக்கு 20 விநாடி என்று யாராவது உள்ளே போட்டிருந்தால், காகிதத்தில் அழகான ரூட் கிடைக்கும், ஒற்றைச் செருப்புக் குழந்தையின் வீட்டு வாசலில் அது உடையும்.

நானே உடைத்திருக்கிறேன். ஒரு பள்ளிக்கு நான் போட்ட ரூட்டில் ஒரு சந்து வழியாகப் போனால் நான்கு நிமிடம் மிச்சம் என்று வந்தது. வரைபடத்தில் சந்து தெளிவாக இருந்தது, நான் நேரில் போய்ப் பார்க்கவில்லை. முதல் நாள் வண்டி உள்ளே போய்விட்டது, முனையில் திரும்ப முடியவில்லை. ஓட்டுநர் முழு நீளமும் ரிவர்ஸ் எடுத்தார், உதவியாளர் பின்னால் நடந்தபடியே சைகை காட்டினார், வண்டிக்குள் முப்பது பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர்களுக்குக் கொண்டாட்டம். ஓட்டுநர் அதற்கப்புறம் என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை. அவரிடம் முன்னாலேயே கேட்டிருந்தால் ஒரு வரியில் சொல்லியிருப்பார்.

சரி, நேரத்தைப் பிரிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பள்ளியில் வண்டிகள் குறைவது முக்கியமாக இதனால்தான், நிறுத்தங்களைக் குறைப்பதால் அல்ல. ஒரே வண்டி காலையில் இரண்டு நடை அடிக்கும்: ஒரு கூட்டத்தை இறக்கிவிட்டு, காலியாகத் திரும்பிப் போய், அடுத்த கூட்டத்தை ஏற்றிவரும். வண்டி, ஓட்டுநர், உதவியாளர் எல்லோருக்கும் இரட்டை வேலை. இதில் தவறு ஒன்றும் இல்லை. பெரிய ஊர்களில் மூன்று நடைகூட அடிக்கிறார்கள்.

சிக்கல் முழுவதும் இரண்டு நடைக்கு நடுவில் இருக்கிறது. உங்கள் கையில் கொடுக்கப்போகும் அட்டவணை ஏறக்குறைய இப்படி இருக்கும்: முதல் பெல் 7:45. வண்டி 7:30க்கு வந்து சேர்கிறது. பிள்ளைகள் இறங்க 4 நிமிடம். உதவியாளர் கடைசி இருக்கைவரை நடந்து பார்க்க 2 நிமிடம். அடுத்த ரூட்டின் முதல் நிறுத்தத்துக்குக் காலியாக ஓட 14 நிமிடம். ஆக 20 நிமிடம், 7:50க்கு இரண்டாம் நடை தொடக்கம். அந்த ரூட்டுக்கு 45 நிமிடம், 8:35க்குப் பள்ளி, 8:45க்கு இரண்டாம் பெல். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

மழை நாளில் முதல் நடை 9 நிமிடம் தாமதம் என்று வையுங்கள். முதல் கூட்டம் பெல்லுக்கு முன் எப்படியோ உள்ளே போய்விடும். இரண்டாம் கூட்டத்தின் ஒவ்வொரு குழந்தையும் நனைந்துகொண்டு 9 நிமிடம் கூடுதலாக நிற்கும், வண்டி 8:44க்கு வந்து சேரும். அந்த 9 நிமிடத்தை எங்காவது பிடிக்கலாமா என்று ஓட்டுநர் பார்ப்பார், நாமாக இருந்தாலும் பார்ப்போம். சாலையில் பிடித்தால் வேகம். சாலையில் பிடிக்க முடியாதபோது கை வைக்கப்படுவது அந்த இரண்டு நிமிடத்தில்தான்: கடைசி இருக்கைவரை நடந்து பார்ப்பது. கதவருகில் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டு "எல்லாம் இறங்கியாச்சு, போகலாம்" என்று சொல்வதற்கு மூன்று விநாடி போதும். இருக்கையில் சாய்ந்து தூங்கிப்போன நான்கு வயதுக் குழந்தை கதவருகிலிருந்து தெரியாது. வண்டிக்குள் குழந்தையை விட்டுப் பூட்டிவிட்டுப் போன செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு உதவியாளர் மேல்தான் கோபம் வருகிறது. நான் அட்டவணையையும் கேட்டுப் பார்ப்பேன்.

அதனால் கூட்டத்தில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த ஓட்ட நேரங்களெல்லாம் சராசரியா, மோசமான நாளின் கணக்கா என்பது. சராசரியை வைத்துப் போட்ட அட்டவணை ஏறக்குறைய பாதி நாட்கள் தாமதமாகத்தான் ஓடும். சில நாள் அதற்கு மேலே, சில நாள் கீழே என்பதுதானே சராசரி. பள்ளி திறந்த முதல் வாரம், மழைக்காலம், தேர்வுக்காலம் என்று மூன்று விதமான நாட்களில் எடுத்த நேரத்தைக் காட்டச் சொல்லுங்கள். நடுவில் பத்து நிமிடம் சும்மா கிடக்கிற மாதிரி தெரிந்தால் அதை யாரும் வீண் என்று வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படி வைத்தபின் ஆறு வண்டி போதாமல் ஏழு தேவைப்படும் என்றால், உண்மையான எண் ஏழுதான். கூடவே ஸ்பேர் வண்டி. பத்து வண்டியில் ஒன்று படுத்துக்கொண்டால் ஒரு ரூட் நின்றுபோகும். இரண்டு நடை அடிக்கும் ஆறில் ஒன்று படுத்தால் இரண்டு ரூட் நின்றுபோகும். ஆக்டிங் டிரைவருக்கு இரண்டு ரூட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த நடுவெளி கிழிந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் லூயிவில் நகரத்தைப் பார்க்கலாம். ஓட்டுநர் பற்றாக்குறையால், அந்த நகரம் இருக்கும் ஜெஃபர்சன் கவுண்டியின் பள்ளி நிர்வாகம் ரூட்டுகளைக் குறைத்தது, பள்ளி நேரங்களை மாற்றியது, வெளி நிறுவனம் ஒன்றின் மென்பொருள் போட்ட புதுத் திட்டத்தோடு 2023 ஆகஸ்ட் 9 அன்று பள்ளிகளைத் திறந்தது. அன்று கடைசிக் குழந்தை வீடு போய்ச் சேர்ந்தபோது இரவு ஏறத்தாழ பத்து மணி. மறுநாளே பள்ளிகளை மூடினார்கள், ஒரு வாரத்துக்கும் மேல் மூடியிருந்தது. அடுத்த ஆண்டு, பக்கத்துப் பள்ளியை விட்டுத் தூரத்துச் சிறப்புப் பள்ளிகளுக்குப் போகும் பெரும்பாலான மாணவர்களுக்குப் பேருந்தையே நிறுத்திவிட்டார்கள். ஓட்டுநர் பற்றாக்குறை தீராததால் எவ்வளவு தூரம் பின்னால் போக வேண்டியிருந்தது பாருங்கள். அங்கே குடை சாய்ந்தது மாலை நேரம் என்பதைக் கவனியுங்கள். காலையில் ஒரு குழந்தையைப் பெற்றோர் ஏற்றிவிடுகிறார்கள். மாலையில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே நேரத்தில் சரியான வண்டியில் ஏற்ற வேண்டும், அதுவும் தன் வண்டி எது என்றே தெரியாத புதுப் பிள்ளைகளை.

அமெரிக்காவிலேயே இன்னொரு ஊர் பாஸ்டன். 2017இல் அந்த நகரப் பள்ளி நிர்வாகம் ரூட் போடுவதற்குப் போட்டி வைத்து, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து (எம்.ஐ.டி.) ஆராய்ச்சியாளர்களின் முறையைத் தேர்ந்தெடுத்தது. ஐம்பது வண்டிகள் குறைந்தன, ஏறக்குறைய 50 லட்சம் டாலர் மிச்சமானது. பெரிய சண்டை எதுவும் இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் அதே குழுவின் கணக்கை வைத்து பள்ளி நேரங்களை மாற்றி அறிவித்தார்கள். பெரிய பிள்ளைகளுக்குப் பள்ளி தாமதமாகத் தொடங்கும், பல தொடக்கப் பள்ளிகள் மிக முன்னதாகத் தொடங்கும். பெற்றோர் கொதித்துப்போனார்கள். அந்த மாதம் முடிவதற்குள் திட்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ரூட் மாறினால் ஜனங்கள் முணுமுணுத்துவிட்டு விட்டுவிடுவார்கள். நேரத்தை மாற்றுவது வீட்டுக்குள் வந்து கைவைப்பது: யார் வேலைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவது, மதியம் வீடு திரும்பும் ஆறு வயதுக் குழந்தைக்கு யார் கதவைத் திறப்பது, தம்பியைக் கைப்பிடித்துக் கூட்டிப்போகும் அக்கா இனி வேறு நடையில் போனால் தம்பி யாருடன் போவான்?

இத்தனைக்கும் பாஸ்டன் திட்டத்தின் நோக்கம் நியாயமானது. பதின்ம வயதில் உடலின் தூக்கக் கடிகாரம் பின்னால் நகர்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு இரவில் சீக்கிரம் தூக்கம் வராது, அது சோம்பேறித்தனம் அல்ல. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014இல், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8:30க்கு முன் தொடங்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. கலிஃபோர்னியா 2019இல் சட்டமே போட்டது, 2022இல் நடைமுறைக்கு வந்தது: உயர்நிலைப் பள்ளி 8:30, நடுநிலைப் பள்ளி 8:00, அதற்கு முன் கூடாது. உங்கள் பள்ளியில் பெரிய வகுப்புகளை முதல் நடையில் போட்டிருந்தால் இதைக் கட்டாயம் எழுப்புங்கள். சின்னதுகளை முதல் நடையில் போட்டிருந்தால் விடிவதற்கு முன் நிறுத்தத்தில் நிற்குமா என்று கேளுங்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. என்னைக் கேட்டால், முதல் பெல் 8 மணிக்கு முன் இல்லாதபோது சின்னதுகள் முதலில். அதற்கு முன் என்றால் நேரத்தைப் பிரிப்பதே வேண்டாம் என்பேன்.

அடுத்தது, நட்டப்படும் வீடுகளின் பட்டியல். நிர்வாகம் காட்டும் விளக்கப் படத்தில் "சராசரிப் பயண நேரம் 9 நிமிடம் குறையும்" என்று இருக்கும். உண்மையாகவே இருக்கலாம். நூறு பிள்ளைகளுக்குப் பத்து நிமிடம் குறைந்து, மூன்று பிள்ளைகளுக்கு முப்பது நிமிடம் கூடினாலும் சராசரி அதே அழகில்தான் நிற்கும். ஆகவே சராசரியைத் தள்ளி வையுங்கள். யாருக்குப் பயணம் பதினைந்து நிமிடத்துக்குமேல் கூடுகிறது, யாருக்குப் பயணம் ஒரு மணி நேரத்தைத் தாண்டுகிறது, யார் வீட்டில் இரண்டு பிள்ளைகள் இரண்டு நடையில் பிரிகிறார்கள், சக்கர நாற்காலியோ தனி உதவியோ தேவைப்படும் குழந்தை யார்: இந்த வீடுகளை, பெயர் சொல்லாமல், எண்ணிக்கையாகக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் இருபது வீட்டுக்குள் அடங்கும். இருபது வீட்டுக்குத் தனித்தனியாக வழி பார்க்கலாம்: ஒரு சின்ன வேன், முன்னதாக வரும் பிள்ளைகளுக்கு நூலகத்தைத் திறந்து வைப்பது, அக்காவையும் தம்பியையும் ஒரே நடையில் விடுவது. மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கு இங்கே போக வேண்டும் என்று தீர்மானத்திலேயே எழுதச் சொல்லுங்கள். இதை நான் பல பள்ளிகளில் சொல்லியிருக்கிறேன், எழுத்தில் வைத்த இடத்தில் நடந்தது, வாய்ச்சொல்லாக விட்ட இடத்தில் இரண்டாம் ஆண்டு மறந்துபோனது.

மின்சார வண்டி, கைப்பேசியில் வண்டி எங்கே வருகிறது என்று காட்டும் செயலி, இதெல்லாமும் திட்டத்தில் இருக்கும். நல்லவைதான், டீசல் புகை குறைவது பிள்ளைகளின் நுரையீரலுக்கு நல்லது. ஆனால் இப்போது முடிவு செய்ய வேண்டியதோடு அவற்றைக் கலக்க வேண்டாம். ஒன்று மட்டும்: மின்சார வண்டி இரண்டு நடை அடித்தால் நடுப்பகலில் எங்கே, எவ்வளவு நேரம் சார்ஜ் ஏறும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். செயலியைப் பொறுத்தவரை, வண்டி தாமதம் என்பதை அது சொல்லும், தாமதத்தைக் குறைக்காது.

திட்டம் முடிவானாலும், பள்ளி திறக்கும் நாளில் முதல்முறையாக ஓட்டிப் பார்க்கக் கூடாது. விடுமுறையின் கடைசி வாரத்தில், வேலைநாள் நெரிசல் இருக்கும் ஒரு காலையில், காலி வண்டியில் அதே ஓட்டுநரும் அதே உதவியாளரும் இரண்டு நடையையும் முழுதாக ஓட வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். பெற்றோரில் இருவர் கூடப் போகட்டும். இறங்கும்போது கடைசி இருக்கைவரை நடந்து பார்ப்பதையும் சேர்த்து ஓட வேண்டும். யாரும் இல்லாத வண்டியில் அதைச் செய்யக் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை. பள்ளி திறந்த முதல் இரண்டு வாரம், கடைசிக் குழந்தை வீட்டுக்குள் போகும்வரை தொலைபேசியை எடுக்க ஒரு ஆள் வேண்டும். அது யார், எந்த எண் என்பது கூட்டத்திலேயே தெரிய வேண்டும். ஆறு வாரம் கழித்து மறுபடி கூடி நிறுத்தங்களை மாற்றிக்கொள்ள ஒரு தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கூட்டத்துக்கு ஓட்டுநர்களையும் உதவியாளர்களையும் அழைக்கச் சொல்லுங்கள். எந்தச் சந்தில் திரும்ப முடியாது, எந்த வீட்டில் செருப்பு தேடுவார்கள், எந்தக் குழந்தை தினமும் தூங்கிவிடும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். கூட்டத்தை மாலை நான்கு மணிக்கு வைத்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் அவர்கள் ரூட்டில் இருப்பார்கள்.